கப்பலுக்குக் கட்டும் பெட்டி

முக்கூடல்காரர்களுக்குப் பெட்டி கட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. குற்றாலத்துக்குப் போவதென்றால் ஒரு துண்டும் எண்ணெய்ப் புட்டியும் போதும். திருச்செந்தூர் என்றால் மாற்றுத் துணியோடு ஒரு தூக்குப் புளியோதரை. சென்னையில் உத்தியோகம் பார்க்கும் மகன் வீட்டுக்கு என்றாலோ வத்தல், வடகம், கருப்பட்டி, அல்வா என்று மூட்டைகள் ரயில் பெஞ்சுக்கு அடியில் கொள்ளாது. இந்தக் கணக்குகளெல்லாம் தாமிரபரணிக் கரையில் பிறந்த வீட்டம்மாள்களுக்கு மனப்பாடம்.

ஆனால், "அப்பாவும் அம்மாவும் மூன்று நாள் கப்பலில் உல்லாசமாகப் போய்விட்டு வாருங்கள்" என்று மகனோ மகளோ டிக்கட் எடுத்து அனுப்பிவிட்டால், அந்த மனப்பாடம் உதவுவதில்லை. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுப்பது, எதை விடுவது என்று வீடே கூடி யோசிக்க வேண்டியதாகிவிடுகிறது. ரயிலில் மறந்ததை அடுத்த ஸ்டேஷனில் வாங்கிவிடலாம். கடலில் அடுத்த ஸ்டேஷன் ஏது?

அப்படி யோசிக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பாட்டனார் கட்டிய பெட்டி

நெல்லைச் சீமைக்குக் கப்பல் ஒன்றும் புதிதல்ல. பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகமாகிய கொற்கை, இந்தத் தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில்தான் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பிரயாணிகள் போய்வந்த காலமும் உண்டு. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரையில், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் தூத்துக்குடியில்தான் வந்து நின்றது. அதே துறைமுகத்தை வைத்துத்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று குடியேறியவர்கள் அனேகம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுற்றி வந்த 'ரஜூலா' என்ற கப்பலின் பெயர் அந்தக் குடும்பங்களில் இன்றும் அடிபடும். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது.

அந்தப் பிரயாணிகள் கட்டிய பெட்டியை நினைத்துப் பாருங்கள். தகர டிரங்குப் பெட்டி; ஜமுக்காளத்தில் சுருட்டிய படுக்கை; செம்பு, தட்டு; ஊறுகாய் ஜாடி. அவர்களுக்குக் கடல் ஒரு வழி மாத்திரமே. கரை சேர்ந்த பிறகு அங்கே நடத்தவேண்டிய வாழ்க்கைக்காகத்தான் அவர்கள் பெட்டி கட்டினார்கள். பல வருஷங்களுக்கு வேண்டியது அதில் இருந்தது.

அந்த நாளைய கப்பல் கம்பெனிகள் சாமான்களில் இரண்டு வகைச் சீட்டு ஒட்டுவார்கள். 'பிரயாணத்தில் வேண்டியது' என்று ஒன்று. 'பிரயாணத்தில் வேண்டாதது' என்று மற்றொன்று. வேண்டாதவை கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். துறைமுகம் வந்து சேரும் வரை கண்ணில் படாது. வேண்டியவை மட்டும் பிரயாணியின் கூடவே வரும்.

இன்றைய உல்லாசப் பிரயாணிக்கு இதிலிருந்து ஒரு நல்ல யோசனை கிடைக்கிறது. ஏறிய துறைமுகத்திலேயோ, அடுத்த துறைமுகத்திலேயோ அவர் மூன்று நாளில் இறங்கிவிடப் போகிறார். அக்கரையில் குடித்தனம் நடத்தப் போவதில்லை. ஆகவே 'வேண்டாதது' என்ற சீட்டுக்கு உரிய பெட்டி அவருக்குத் தேவையே இல்லை. கடலில் என்ன வேண்டும் என்று மாத்திரம் நினைத்துக் கட்டினால், பெட்டி தானே பாதியாகிவிடும்.

தோளில் தொங்கும் பை

சென்னைத் துறைமுகத்திலிருந்து இந்த மாதிரி உல்லாசக் கப்பல் பிரயாணம் 2022 ஜூன் 4-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. கோர்டீலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' என்ற கப்பல் அது. 1990-ல் ஓடத் தொடங்கிய கப்பல். நீளம் சுமார் 211 மீட்டர். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்றும், மறுவருஷம் இலங்கைத் துறைமுகங்கள் என்றும் அதன் பாதை அமைந்தது. எந்த மாதத்தில் எங்கிருந்து எங்கே என்பது காலத்துக்குக் காலம் மாறும்; விசாரித்துத்தான் டிக்கட் எடுக்க வேண்டும்.

துறைமுகத்துக்குப் போனதும் நடப்பது இதுதான். உங்கள் பெரிய பெட்டியைக் கம்பெனி ஆட்கள் வாங்கிச் சீட்டுக் கட்டி அனுப்பிவிடுவார்கள். சோதனை முடிந்து அது உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் நீங்கள் கப்பலில் ஏறியிருப்பீர்கள், சாப்பிட்டிருப்பீர்கள், மத்தியான மாத்திரை வேளையும் வந்திருக்கும். மாத்திரையோ பெரிய பெட்டிக்குள்!

ஆகையால் முதலில் கட்டவேண்டியது பெட்டியை அல்ல, தோளில் தொங்கும் ஒரு பையை. 'ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு' என்பது மாலுமிகளின் பழமொழி. ஆடும் கப்பலில் ஒரு கை எப்போதும் கம்பியைப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். கையில் தூக்கும் பையைவிடத் தோளில் மாட்டும் பை மேல் என்பதற்கு இதுவே காரணம்.

அந்தப் பையில் இருக்க வேண்டியவை:

டிக்கட், அரசாங்க அடையாள அட்டை. இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் போய்வரும் பிரயாணத்துக்கு ஆதார் போன்ற அட்டை போதும். இலங்கைக்கு என்றால் பாஸ்போர்ட்டும், அந்நாட்டு விசா அனுமதியும் வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்பதை டிக்கட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

மருந்துகள், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் அதற்கு வேண்டிய பாட்டரி, செல்போன், அதன் சார்ஜர், ஒரு மாற்று உடை.

மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம் என்று தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் பிரயாணத்துக்கு ஆறு நாள் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வங்காள விரிகுடாவில் புயல் கிளம்பினால் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்க நேரலாம். மாத்திரைகளை அட்டையிலிருந்து உதிர்த்து டப்பியில் கொட்டாதீர்கள். அட்டையோடு, டாக்டர் சீட்டும் இருந்தால்தான், வேறு டாக்டர் பார்க்க நேரும்போது இன்னதென்று தெரியும். இன்சுலின் போடுகிறவர்கள், அறையில் குளிர்ப்பெட்டி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் அவருக்குக் கொடுக்கவேண்டிய கட்டணம் டிக்கட்டில் சேர்ந்ததல்ல. பிரயாண இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டால் அந்தக் கவலை குறையும். கர்ப்பிணிகளைக் குறிப்பிட்ட மாதத்துக்கு மேல் கப்பல் கம்பெனிகள் ஏற்றுவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தலை சுற்றாமல் இருக்க

முக்கூடலில் ஒரு வீட்டில், நாற்பது வருஷம் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஓர் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருந்தோம். சென்னை மகன் டிக்கட் எடுத்திருக்கிறான். ஆச்சிக்கு இரண்டு சந்தேகங்கள்.

"ஏன் தம்பி, கப்பல்ல குளிக்கதுக்கு நல்ல தண்ணி உண்டுமா? ஆத்துல முங்கிப் பழகுன உடம்பு பாத்துக்கிடுங்க."

"உண்டு ஆச்சி. கடல் தண்ணியில இருந்து உப்பை எடுத்துட்டு, கப்பலிலேயே நல்ல தண்ணி ஆக்கிக்கிடுவாங்க. வெந்நீரும் வரும்."

"அது சரி. தலை சுத்துமோ?"

இந்த இரண்டாவது சந்தேகம்தான் பெரிது. கடல் மயக்கம் வருவதற்குக் காரணம் வயிறு அல்ல. காதுக்குள் உடம்பின் சமநிலையை அறியும் உறுப்பு ஒன்று இருக்கிறது. 'ஆடுகிறோம்' என்று அது சொல்கிறது. அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ, 'ஆடவில்லையே' என்று சொல்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட, மூளை குழம்புகிறது, வயிறு புரட்டுகிறது.

இதற்கு முதல் மருந்து, வெளியே வந்து தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்ப்பது. அறை எடுக்கும்போதே கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த் தளத்தில் கேட்டு வாங்குவது இரண்டாவது. ஊஞ்சலில் குழந்தை உட்காருவதைப் போலக் கப்பலின் இரு முனைகளும்தான் அதிகம் ஏறி இறங்கும். நடுவில் ஆட்டம் குறைவு. மூன்றாவது, மாத்திரை. அதைப் புரட்டல் வந்த பின் போடுவதில் பிரயோஜனம் குறைவு. சுமார் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆனால் இவ்வகை மாத்திரைகள் தூக்கம் வருவிக்கும். கண்ணில் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் கழிப்பதில் சிரமமுள்ள பெரியவர்களும் டாக்டரைக் கேட்காமல் இவற்றை வாங்கக் கூடாது.

நம் வீட்டுச் சுக்கும், உப்பில் ஊறிய நார்த்தங்காயும் சிறு பொட்டலமாகப் பையில் இருக்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம். முட்ட முட்டச் சாப்பாடும் வேண்டாம்.

குடை வேண்டாம், சால்வை வேண்டும்

சுதேசிக் கப்பலோடு போட்டி போட்ட வெள்ளைக்காரக் கம்பெனி, கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். அந்தக் குடை கரையில் உபயோகப்பட்டிருக்கும். கப்பலின் மேல்தட்டில் பட்டிருக்காது! கடற்காற்றில் குடையை விரித்தால், அடுத்த கணம் அது தாமரைப் பூவைப்போல மேல் நோக்கி மலர்ந்துவிடும். வெயிலுக்குக் கழுத்தில் நாடா கட்டிய தொப்பியோ, தலையில் சுற்றும் துண்டோ போதும்.

உள்ளேயோ நேர்மாறு. எல்லா அறையிலும் குளிர்சாதனம். மார்கழி விடியலில் ஆற்றங்கரையில் நிற்பது போலிருக்கும். ஆகவே ஒரு சால்வை, பெரியவர்களுக்குக் காலுறை, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர்.

மூன்று நாளைக்கு நான்கு செட் உடை தாராளம். பருத்திப் புடவையோ, சுரிதாரோ பகலுக்கு. மாலை விருந்துக்கு ஒரே ஒரு பட்டு. வேஷ்டி கட்டுகிறவர்கள் தாராளமாகக் கட்டலாம்; ஆனால் காற்றுக்கு ஒட்டிக்கொள்ளும் வேஷ்டியோ, இடுப்பில் பெல்ட்டோ உத்தமம். சில கப்பல்களில் இரவு விருந்து மண்டபத்துக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் ஆகாது. படுக்கை விரிப்பு, துண்டு, சோப்பு எல்லாம் கப்பலிலேயே இருக்கும். ஜமுக்காளத்தை வீட்டில் விட்டுவிடுங்கள்.

காலணியில் சிக்கனம் கூடாது. மேல்தட்டு எப்போதும் ஈரம். வழுவழுப்பான அடி கொண்ட செருப்பு, தேய்ந்துபோன செருப்பு, குதி உயர்ந்த செருப்பு மூன்றும் ஆபத்து. பின்பக்கம் வார் உள்ள, அடி நன்றாகப் பிடிக்கும் செருப்புத்தான் கப்பலுக்கு ஏற்றது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கப்பலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், நடுக்கடலில் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது?

அல்வா பிரச்னை

திருநெல்வேலியிலிருந்து கிளம்புகிறவர் அல்வா இல்லாமல் கிளம்புவாரா? ஆனால் வீட்டில் சமைத்த பண்டங்களைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது பல கம்பெனிகளின் விதி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது ஒரு வீட்டுத் தூக்குச்சட்டி கெட்டுப்போனால், வயிற்றுப்போக்கு ஊரெல்லாம் பரவுவதைப் போலக் கப்பலெல்லாம் பரவிவிடும் என்ற பயம்தான். புளியோதரையையும் தோசைப் பொட்டலத்தையும் எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கும் முன்பே தீர்த்துவிடுங்கள். டிக்கட்டோடு வரும் விதிகளைப் படித்துப் பார்த்து, இடமிருந்தால் கடையில் ஒட்டிய பொட்டலமாக வாங்கிக்கொள்ளலாம். சைவச் சாப்பாடு வேண்டும், சர்க்கரை கூடாது என்பதையெல்லாம் டிக்கட் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், கப்பல் சமையற்காரர்கள் கவனித்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்கு வேண்டிய உணவுக்கு விலக்கு உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஏற்றக் கூடாதவை

கப்பலில் தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். மாலுமிகள் பயப்படுவதோ நெருப்புக்கு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தப் பிரயாணிக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோயிற்று. வீடு எரிந்தால் தெருவுக்கு ஓடலாம். கப்பல் எரிந்தால் ஓடுவதற்குத் தெரு இல்லை.

அதனால்தான் இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கெட்டில், கம்பிச் சுருள், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதையும் அறைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்கள் சிறு சுவாமி படம் ஒன்றை வைத்துக்கொண்டு மனத்திலேயே ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். முக்கூடல் பீடிக்கும் இதே சட்டம். புகைக்கவென்று ஒதுக்கிய இடத்தில் தவிர வேறெங்கும் பற்ற வைக்கக் கூடாது. துண்டைக் கடலில் எறியவும் கூடாது. காற்று அதைத் திருப்பிக் கீழ்த் தளத்து அறைக்குள் கொண்டுவந்து போட்டுவிடும்.

நகைகளையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கழுத்தில் இருப்பது போதும்.

சங்கு ஊதினால்

பெட்டியில் வைக்க முடியாத சாமான் ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 1912-ல் 'டைட்டானிக்' மூழ்கிய பிறகு, 1914-ல் பல தேசங்கள் கூடிக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2012-ல் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் மாண்டனர். அன்று புதிதாக ஏறியவர்களில் பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ அந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்பது விதி.

ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் ஆபத்து அறிவிப்பு என்று அர்த்தம். எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காக்கும் சட்டையை எப்படிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைப் பயிற்சியில் காட்டுவார்கள். "நமக்கு ஆத்துல நீச்சல் தெரியும்" என்று அறையில் படுத்துவிடாதீர்கள். ஆற்றுக்குக் கரை தெரியும்; கடலுக்குத் தெரியாது.

கப்பல் காத்திராது

வீட்டிலிருந்து துறைமுகம் வரையிலான வழிக்கும் பெட்டியில் கொஞ்சம் இடம் விட வேண்டும். முக்கூடலிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி; ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்; விடிந்தால் எழும்பூர். அன்றைக்கே கப்பல் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ரயில் தாமதமானால் கப்பல் காத்திராது. ஒருநாள் முன்னதாகப் போய் மகன் வீட்டிலேயோ விடுதியிலேயோ தங்கி, வத்தல் வடகத்தையெல்லாம் அங்கே இறக்கிவிட்டு, கை வீசிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகலாம்.

கரை மறைந்ததும் செல்போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் வழியைப் பிடித்துக்கொண்டு, பேசாத பேச்சுக்கும் பில் ஏற்றிவிடும். "மூன்று நாளைக்குப் பேச முடியாமல் போகலாம், பயப்பட வேண்டாம்" என்று மகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் முன்பே சொல்லிவிடுவது அவசியம். டிக்கட்டின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பழைய டிரங்குப் பெட்டிகளின் மூடியில் வெள்ளை வர்ணத்தால் பெயரும், ஊரும், ஜில்லாவும் எழுதியிருக்கும். இன்றைய சக்கரப் பெட்டிகளோ அத்தனையும் ஒரே கறுப்பு, ஒரே அச்சு. கம்பெனி கட்டும் சீட்டு கிழிந்துபோனால் உங்கள் பெட்டி எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பெயர், அறை எண், செல்போன் எண் மூன்றையும் தடித்த எழுத்தில் எழுதி வெளியே ஒட்டுங்கள். அதே விவரத்தை இன்னொரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் துணிகளின் மேல் வையுங்கள். கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால் கண்ணாடி போடாத தாத்தாவுக்கும் அடையாளம் தெரியும்.

பிறகு பெட்டியை மூடி, ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியவில்லையென்றால் திறந்து, இரண்டாவது பட்டுப் புடவையை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.